எம்பிக்கு ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கலாம்: வருகையா, சபையில போட்ட ஓட்டா, பணமா?

எலக்‌ஷன் வந்தா போதும், "உங்க எம்பியோட மார்க் ஷீட்"னு ஒரு படம் வாட்ஸ்அப் குரூப் குரூப்பா சுத்த ஆரம்பிச்சிடும். வருகை இத்தனை பர்சென்ட், கேள்வி இத்தனை, விவாதம் இத்தனை, கீழ ஒரு பச்சை டிக் இல்லன்னா சிவப்பு கிராஸ். அதைப் பார்த்துட்டு ஒருத்தர் பரவாயில்லையேம்பார், இன்னொருத்தர் இதெல்லாம் வேஸ்ட், அஞ்சு வருஷத்துல எவ்ளோ சொத்து சேர்த்தார்னு பாரும்பார், அமெரிக்காவுல செட்டிலான சித்தப்பா யாராவது நடுவுல புகுந்து அதெல்லாம் விடுங்கப்பா, எந்த பில்லுக்கு எப்படி ஓட்டுப் போட்டார், யார்கிட்ட காசு வாங்கினார், இந்த ரெண்டு போதும்னு முடிச்சு வைப்பார். மூணுலயும் விஷயம் இருக்கு. ஆனா வேலை வெட்டி இருக்கிற ஆளுக்கு இதுக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிடைச்சாலே பெருசு, அந்த நேரத்தை எதுல போடலாம்ங்கிறதைத்தான் இங்க பார்க்கப் போறோம்.

முதல்ல சித்தப்பா வழியை எடுத்துக்கலாம், ஏன்னா கேக்க அதுதான் ரொம்ப சரியா படும். அமெரிக்காவுல அது வேலை செய்யுது, அதுக்குக் காரணம் இருக்கு. முக்கியமான பில்லுன்னா யார் யார் எந்தப் பக்கம்னு பேரோட பதிவாகும், கீழ்சபையில 1973ல இருந்தே எலக்ட்ரானிக் ஓட்டு. காசு விஷயத்துல, ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல கொடுத்தா கொடுத்தவர் பேரு, என்ன வேலை, எந்தக் கம்பெனி எல்லாம் அங்க இருக்கிற தேர்தல் கமிஷன் சைட்ல வந்துடும். எல்லாத்தையும் விட முக்கியம், கட்சி சொன்னதை மீறி ஓட்டுப் போட்டா பதவி போகாது. 2017 ஜூலைல ஒபாமா கொண்டு வந்த ஹெல்த்கேர் சட்டத்தை ரத்து பண்ண சொந்தக் கட்சியே கொண்டு வந்த பில்லுக்கு ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழ காட்டிட்டுப் போனார், 49-51ல பில் தோத்துச்சு, அவர் சாகுற வரைக்கும் செனட்டராவே இருந்தார். அங்க ஓட்டும் தனி ஆளோடது, காசும் தனி ஆளோடது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஏதோ புரியும். (2010ல வந்த ஒரு தீர்ப்புக்கு அப்புறம் வெளியில இருந்து எவ்ளோ வேணா செலவு பண்ற குரூப்புகள் முளைச்சு அந்த ஊர்லயும் பாதி ஓட்டையாயிடுச்சு, அதைச் சித்தப்பா சொல்ல மாட்டார்.)

நம்ம ஊர்ல அதை அப்படியே இறக்கினா நிக்காது. 1985ல 52வது திருத்தம்னு கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துச்சு, அரசியல் சாசனத்துல பத்தாவது அட்டவணை. கட்சி விப் போட்டா, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு உத்தரவு போட்டா, அதுக்கு எதிரா ஓட்டுப் போடக் கூடாது, பர்மிஷன் இல்லாம ஓட்டுப் போடாம உக்காந்திருக்கவும் கூடாது, மீறினா 15 நாளைக்குள்ள கட்சி மன்னிச்சு விட்டாத்தான் உண்டு, இல்லன்னா அந்த எம்பியோட பதவியையே சபாநாயகர் பறிக்கலாம். ஆட்களை விலைக்கு வாங்கறதை நிறுத்தணும்னு கொண்டு வந்தது, நல்ல எண்ணம்தான். ஆனா நாம ஜெயிக்க வச்ச ஆள் மனசுல என்ன இருக்குன்னு ஓட்டை வச்சுத் தெரிஞ்சுக்கிற வழியும் அதோட சேர்ந்து அடைபட்டுப் போச்சு. 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் அரசு 269-270ன்னு ஒரே ஒரு ஓட்டுல கவிழ்ந்தப்போ தமிழ்நாட்டு எம்பிக்கள்ல அதிமுக ஒரு பக்கம், திமுக இன்னொரு பக்கம், ஆனா அதுல எந்த எம்பியும் தனியா யோசிச்சு முடிவெடுத்ததா யாருக்கும் ஞாபகம் இருக்காது, போயஸ் கார்டன்லயும் கோபாலபுரத்துலயும் எடுத்த முடிவாத்தான் ஞாபகம் இருக்கும்.

இன்னொரு கூத்து சின்னத்துல இருக்கு. 2019ல நாமக்கல்ல கொமதேக, ஈரோட்ல மதிமுக, பெரம்பலூர்ல ஐஜேகே, விழுப்புரத்துல விசிகன்னு போஸ்டர்ல கட்சிப் பேர் வேற வேற, ஆனா நாலு பேருமே உதயசூரியன்ல நின்னு ஜெயிச்சவங்க, அதனால பார்லிமென்ட் கணக்குல நாலு பேரும் திமுக எம்பி, திமுக விப்தான் அவங்களுக்கும். திருமாவளவன் சிதம்பரத்துல பானை சின்னத்துல நின்னதால அவர் மட்டும் விசிக கணக்கு. சின்னக் கட்சியை நம்பி ஓட்டுப் போடுறவங்க வேட்பாளர் முகத்தை விட மெஷின்ல அவர் பேருக்கு நேரா என்ன சின்னம்னு பார்க்கறது நல்லது.

அப்போ சபையில போட்ட ஓட்டைப் பார்க்கிறதே வீணான்னா, இல்லவே இல்ல. அதை எம்பியோட மார்க் ஷீட்டா பார்க்காம கட்சியோட மார்க் ஷீட்டா பார்த்தா அதை விட நல்ல ஆதாரம் கிடையாது. மேடையில பேசுறது ஒண்ணு, பட்டனை அமுக்கறது ஒண்ணு. 2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் லோக்சபால 311-80ல பாஸாச்சு, ராஜ்யசபால அதிமுகவும் பாமகவும் ஆதரவா ஓட்டுப் போட்டாங்க, அதே அதிமுக 2021 சட்டசபைத் தேர்தல் அறிக்கையில அந்தச் சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம்னு எழுதினாங்க. திமுக மட்டும் என்ன யோக்கியமா, 2012 டிசம்பர்ல சில்லறை வியாபாரத்துல அன்னிய முதலீடு வேணாம்னு லோக்சபால தீர்மானம் வந்தப்போ, எங்களுக்கு இந்த முதலீடு பிடிக்கலன்னு வெளிய சொல்லிட்டு உள்ள போய் காங்கிரஸ் அரசுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாங்க, தீர்மானம் 218-253ல தோத்துச்சு. மளிகைக் கடை வச்சிருக்கிறவர் இதுல எதை நம்பணும்? நான் ஓட்டைத்தான் நம்பச் சொல்லுவேன்.

இதுல ரெண்டு இடத்துல கண் ஏமாறும். ஒண்ணு வெளிநடப்பு. 2019 ஜூலைல முத்தலாக் பில் வந்தப்போ லோக்சபால அதிமுகவோட ஒரே எம்பி, தேனி ரவீந்திரநாத், ஆதரிச்சுப் பேசினார். அடுத்த வாரமே ராஜ்யசபால அதே கட்சி எதிர்த்துப் பேசிட்டு ஓட்டெடுப்புக்கு முன்னாடி எழுந்து வெளிய போயிட்டாங்க, பில் 99-84ல பாஸாச்சு. எழுந்து போனவங்க பேரு ஆதரவு லிஸ்ட்லயும் இருக்காது எதிர்ப்பு லிஸ்ட்லயும் இருக்காது, ஆனா எண்ணிக்கை குறையறதால பில் கொண்டு வந்தவங்களுக்குத்தான் லாபம். ஊருக்கு வந்து எதிர்த்தோம்னும் சொல்லிக்கலாம், டெல்லியில உதவினோம்னும் சொல்லிக்கலாம். என்னைக் கேட்டா, இழுபறியான பில்லுல நடக்கிற வெளிநடப்பை பாதி ஆதரவு ஓட்டாவே கணக்கு வச்சுக்கலாம்.

இன்னொண்ணு குரல் ஓட்டு. ஆமாங்கிறவங்க ஆமான்னு கத்தணும், இல்லங்கிறவங்க இல்லன்னு கத்தணும், ஆமா ஜெயிச்சதுன்னு தலைவர் சொன்னா முடிஞ்சது, யார் பேரும் பதிவாகாது. உறுப்பினர் யாராவது பிரிச்சு எண்ணச் சொல்லிக் கேட்டாத்தான் பேர்வாரியா பதிவு வரும். 2020 செப்டம்பர் 20 ராஜ்யசபால விவசாய பில்லுகளுக்கு அப்படிக் கேட்டும் எண்ணாம குரல் ஓட்டுலயே பாஸ் பண்ணாங்க, ஒரே ரகளை, மறுநாள் 8 எம்பிக்கள் சஸ்பெண்ட். ஒரு வருஷம் கழிச்சு 2021 நவம்பர் 29ல அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கினப்பவும் விவாதமே இல்லாம ரெண்டு சபையிலயும் குரல் ஓட்டுதான். டெல்லி எல்லையில அத்தனை மாசம் விவசாயிங்க உக்காந்திருந்த விஷயத்துக்கு எந்தக் கட்சி எம்பி ராஜ்யசபால என்ன பண்ணார்னு பேர்வாரி கணக்கு இன்னிக்கு வரைக்கும் கிடையாது.

எண்ணின ஓட்டுன்னா தேடி எடுக்கலாம். பார்லிமென்ட்டோட சன்சத் சைட்ல அந்தந்த நாளோட விவாதப் பதிவுல ஆதரவு, எதிர்ப்புன்னு பேர் லிஸ்ட் இருக்கும், பொறுமை வேணும், பிடிஎஃப் திறந்து தேடணும். எல்லா பில்லையும் தேட வேணாம், உங்களைப் பாதிக்கிற மூணு நாலு போதும். 2025 ஏப்ரல்ல வந்த வக்ஃப் திருத்தம், லோக்சபால 288-232, ராஜ்யசபால 128-95, அது மாதிரி நெருக்கமா போனதை எடுத்தா கட்சியோட நிறம் சட்டுனு தெரியும். 2023ல மகளிர் இடஒதுக்கீடு 454-2ன்னு போச்சே, அந்த மாதிரி ஓட்டுல தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல.

இப்போ அந்த வாட்ஸ்அப் மார்க் ஷீட்டுக்கு வரலாம். அந்த எண்ணெல்லாம் பெரும்பாலும் பிஆர்எஸ் (PRS)ங்கிற ஆராய்ச்சி அமைப்பு தொகுக்கறதுல இருந்து எடுத்தது, எண்ணு சரிதான், அதை வச்சு எடுக்கிற முடிவுதான் தப்பாப் போகுது. வருகைன்னா ரொம்ப வருஷமா ரெஜிஸ்டர்ல கையெழுத்து, அவ்ளோதான்னு இருந்துச்சு, கையெழுத்துப் போட்டாத்தான் தினப்படி, போட்டுட்டு எழுந்து போனா யாரும் கேக்க மாட்டாங்க. மந்திரிங்க கையெழுத்துப் போட வேண்டியதில்ல, அவங்க கேள்வியும் கேக்க மாட்டாங்க, அதனால மந்திரியா இருக்கிற எம்பிக்குக் கேள்வி சைபர்னு சிவப்பு கிராஸ் போட்ட படம் வந்தா அதை அனுப்பினவரைத் தயவு செஞ்சு மியூட் பண்ணிடுங்க. சஸ்பெண்ட் ஆனாலும் வருகை குறையும். 2023 டிசம்பர் கூட்டத்தொடர்ல மட்டும் ரெண்டு சபையிலயும் சேர்த்து 146 எதிர்க்கட்சி எம்பிக்கள் சஸ்பெண்ட், பார்லிமென்ட்குள்ள புகைக்குப்பி வீசின சம்பவத்துக்கு உள்துறை மந்திரி பதில் சொல்லணும்னு கேட்டதுக்கு. அதுல ஒரு காமெடி, சேலம் எம்பி பார்த்திபன் அன்னிக்கு சபையிலயே இல்ல, அவர் பேரும் லிஸ்ட்ல வந்து அப்புறம் எடுத்தாங்க.

கேள்வி எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு எம்பி 5 நோட்டீஸ் வரைக்கும் கொடுக்கலாம், குலுக்கல்ல எது வருதோ அது வரும், சபையில வாயால பதில் சொல்ற நட்சத்திரக் கேள்வி லோக்சபால நாளைக்கு 20, எழுத்துல பதில் வர்றது 230. ஆபீஸ்ல நல்ல உதவியாளர் ரெண்டு பேர் இருந்தா எண்ணிக்கையைக் கூட்டிடலாம். 2005ல கேள்வி கேக்க காசு வாங்கினாங்கன்னு ரகசிய கேமராவுல மாட்டி 11 எம்பிக்கள் பதவியே போச்சு, அவங்களுக்கும் மார்க் ஷீட் போட்டிருந்தா கேள்விக்கு நல்ல மார்க்குதான் விழுந்திருக்கும். அதனால எண்ணை விட்டுட்டு கேள்வியைப் படிங்க, இதுக்கு இருபது நிமிஷம் போதும். உங்க ஊர் ரயில்வே மேம்பாலம், கைத்தறி நூல் விலை, மீனவர் கைதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் இருக்கா, பதில் வந்ததுக்கு அப்புறம் திரும்பக் கேட்டாரா, இல்ல ஏழெட்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ரெடிமேட் கேள்வியான்னு பார்த்தாலே ஆள் உழைக்கிறாரா இல்லையான்னு தெரிஞ்சிடும். விப் தொடாத இடம் இதுதான், கட்சி கைல இருந்து கொஞ்சம் நழுவி எம்பி தன் இஷ்டத்துக்கு நடக்கிற இடம். மந்திரியா இல்லாத எம்பி தானே கொண்டு வர்ற தனிநபர் மசோதாவும் அந்த வகைதான், ஆனா சுதந்திரம் வந்ததுல இருந்து சட்டமானது 14, கடைசியா 1970ல. 2015 ஏப்ரல்ல திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர் உரிமை மசோதா ராஜ்யசபால பாஸானது பெரிய அதிசயம், லோக்சபாவைத் தாண்டல, இருந்தாலும் அந்த ஆள் எதுக்கு நிக்கிறார்னு ஊருக்கே தெரிஞ்சது.

தொகுதி வளர்ச்சி நிதியைப் பத்தி ரொம்பப் பேச வேணாம். வருஷத்துக்கு 5 கோடி, ஆறு சட்டசபைத் தொகுதிக்குப் பிரிச்சா ஒரு தொகுதிக்கு ஒரு கோடி கூட இல்ல, எம்பி பரிந்துரைக்கிறார், கலெக்டர் ஆபீஸ் செலவு பண்ணுது. பஸ் ஸ்டாப் நிழற்குடையில பெரிய எழுத்துல பேர் இருக்கிறதால இதுதான் எம்பி வேலைன்னு நாம நினைச்சுக்கிறோம். முழுசா செலவே பண்ணலன்னா மட்டும் அது ஒரு மைனஸ்.

அடுத்தது பணம். இதுல மூணு அடுக்கு இருக்கு, மூணையும் போட்டுக் குழப்பிக்கறோம்.

முதல் அடுக்கு வேட்பாளரோட சொந்தப் பணம், அஃபிடவிட். 2002, 2003 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளால வந்தது, வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும், 2019ல இருந்து அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கும், மனைவி அல்லது கணவரோடதையும் சேர்த்து. ஏடிஆர் அமைப்பு நடத்துற மைநேதா சைட்ல போன தேர்தலோடதையும் இந்தத் தேர்தலோடதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மொத்தத்தை மட்டும் பார்த்து வாயைப் பிளக்காதீங்க, பத்து வருஷம் முன்னாடி வாங்கின நிலம் ரோடு வந்ததும் விலை ஏறியிருக்கும், புதுசா என்ன வாங்கினார், யார் பேர்ல வாங்கினார், வருமானம் அதுக்குத் தாங்குமான்னு பாருங்க. வழக்குலயும் மறியல் பண்ண வழக்கு வேற, மோசடி வழக்கு வேற. இவங்களே எழுதிக் கொடுக்கிறதுதானே, இதை எப்படி நம்பறதுன்னு கேட்டா, பொய் சொன்னா மாட்டலாம்ங்கிற பயம்தான் அதோட மதிப்பு. மேல சொன்ன தேனி எம்பியோட வெற்றியை, சொத்து விவரத்தை மறைச்சார்னு 2023 ஜூலைல சென்னை ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிச்சு, சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்துச்சு, பதவிக்காலமும் முடிஞ்சிடுச்சு. மாட்டறதுக்கே நாலு வருஷம் ஆச்சுங்கிறதும் உண்மைதான்.

ரெண்டாவது அடுக்கு தேர்தல் செலவுக் கணக்கு. இது படிக்க வேண்டாத பேப்பர்னு தைரியமா சொல்லலாம். லோக்சபா வேட்பாளருக்கு 2019ல 70 லட்சம் உச்சவரம்பு, 2022ல இருந்து நம்ம மாதிரி மாநிலத்துல 95 லட்சம், எல்லாரும் அதுக்குக் கீழதான் காட்டுவாங்க. கட்சி செலவுக்கு வரம்பே கிடையாது. 2019 தேர்தலுக்குத் திமுக கொடுத்த செலவுக் கணக்குல சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி, கொமதேகவுக்கு 15 கோடின்னு இருந்துச்சு. கம்யூனிஸ்ட் கட்சிங்க தமிழ்நாட்ல நின்னது ஆளுக்கு ரெண்டே தொகுதி, ரெண்டு வேட்பாளருக்குச் சேர்த்து உச்சவரம்பு 1 கோடியே 40 லட்சம். பேங்க் வழியா கொடுத்தோம்னாங்க, கட்சிக்குக் கட்சி கொடுக்கறது சட்டப்படி தப்பும் இல்ல, ஆனா வேட்பாளர் கணக்குப் புத்தகத்துல இது எதுவும் தெரியாது. அதே வருஷம் வேலூர்ல 11 கோடிக்கும் மேல ரொக்கம் பிடிபட்டு தேர்தலையே ரத்து பண்ணி ஆகஸ்ட்ல நடத்தினாங்க. அந்த மாதிரிப் பணத்துக்கு எந்தக் கணக்குல பதிவு இருக்கும் சொல்லுங்க.

மூணாவது அடுக்குதான் கனமானது, கட்சிக்கு யார் கொடுக்கறாங்க. 2018ல இருந்து தேர்தல் பத்திரம்னு ஒண்ணு ஓடிச்சு, ஸ்டேட் பேங்க்ல வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், பேரு வெளிய வராது. 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு அடிச்சிடுச்சு, மார்ச்சுல லிஸ்ட் வெளிய வந்துச்சு, முதல்ல வாங்கினவர் லிஸ்ட் தனி, பணமாக்கின கட்சி லிஸ்ட் தனின்னு கொடுத்து, கோர்ட் மறுபடி திட்டினதுக்கு அப்புறம் பத்திர நம்பரும் வந்து ரெண்டையும் சேர்க்க முடிஞ்சது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் பாஜகவுக்கு மட்டும் சுமார் 6,060 கோடி, மொத்தத்துல கிட்டத்தட்ட பாதி. நாட்லயே அதிகமா பத்திரம் வாங்கினது கோயம்புத்தூர்ல இருந்து நடக்கிற ஃப்யூச்சர் கேமிங் லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. திமுக தானே தேர்தல் கமிஷன்ல சொன்ன கணக்குப்படி பத்திரத்துல வந்த 656.5 கோடில 509 கோடி அந்த ஒரே கம்பெனியோடது, திரிணாமுல்லுக்கு அதை விட அதிகம். தமிழ்நாட்ல 2003ல இருந்து லாட்டரிக்குத் தடை, திமுகவுக்கு வந்ததுல முக்கால் பங்குக்கு மேல லாட்டரி கம்பெனியோடது! கட்சிங்க காசு வாங்கினதுக்குப் பதிலா என்ன செஞ்சாங்கன்னு இந்த லிஸ்ட் சொல்லாது, ஆனா என்ன கேள்வி கேக்கணும்னு சொல்லும். அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடிதான், சிபிஎம் பத்திரமே வாங்க மாட்டோம்னு சொல்லி வழக்கும் போட்டுச்சு, ஆனா மேல சொன்ன 10 கோடியையும் பக்கத்துலயே வச்சுத்தான் பார்க்கணும்.

ஓட்டுக்கே காசு வாங்கினா என்னன்னு ஒரு கேள்வி வருஷக் கணக்கா தொங்கிட்டு இருந்துச்சு. 1993ல நரசிம்மராவ் அரசைக் காப்பாத்த சில எம்பிக்கள் லஞ்சம் வாங்கினாங்கன்னு வழக்கு, 1998ல சுப்ரீம் கோர்ட் சபைக்குள்ள போட்ட ஓட்டுக்குப் பாதுகாப்பு உண்டுன்னு விட்டுடுச்சு, 2024 மார்ச் 4ல ஏழு நீதிபதிகள் அது தப்புன்னு மாத்தி எழுதிட்டாங்க. ஆக, தனி எம்பி காசு வாங்கி ஓட்டுப் போட்டா இனிமே கேஸ் உண்டு, கட்சி மொத்தமா நன்கொடை வாங்கிட்டு விப் போட்டா அது ரசீதோட நடக்கிற விஷயம். நம்ம ஊர்ல பணத்தையும் ஓட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது கட்சி அளவுலதான்னு நான் சொல்றது இதனாலதான்.

அந்த ஒரு சாயங்காலத்தைப் பிரிக்கிறதா இருந்தா முக்கால்வாசியைக் கட்சிக்குக் கொடுப்பேன், நெருக்கமா போன மூணு நாலு ஓட்டு, அப்புறம் பெரிய நன்கொடையாளர் லிஸ்ட். மீதி நேரம் ஆளுக்கு, கேள்விகளைப் படிச்சு, ரெண்டு அஃபிடவிட்டையும் ஒப்பிட்டு. ஒரே கூட்டணியில உங்களுக்குப் பிடிக்காத வேட்பாளர், பிடிச்ச கட்சின்னா நான் கட்சியைப் பார்த்துத்தான் போடுவேன், டெல்லியில பட்டன் அமுக்கறது அதுதான். ஆள் மேல மோசடி, பாலியல் குற்றம் மாதிரி கனமான வழக்கு இருந்தா மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சுயேச்சைன்னா விப்பே கிடையாது, அங்க முழுக்க ஆளைத்தான் பார்க்கணும்.

நேரத்தைப் பத்தி ஒண்ணு. அஃபிடவிட் வேட்பு மனு போட்டதுக்கு அப்புறம்தான் சைட்ல வரும், ஓட்டுப் போட இன்னும் ரெண்டு மூணு வாரம்தான் இருக்கும். 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தவங்க லிஸ்ட்டைக் கட்சிங்க வருஷா வருஷம் தேர்தல் கமிஷனுக்குக் கொடுக்கணும், பத்திரம் போனதுக்கு அப்புறம் பெரிய கம்பெனிங்க தேர்தல் டிரஸ்ட் (கம்பெனிங்ககிட்ட வாங்கிக் கட்சிங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற அமைப்பு) வழியா கொடுக்கறதால டிரஸ்ட் கொடுக்கிற ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கணும், ஆனா எல்லாமே நிதியாண்டு முடிஞ்சு பல மாசம் கழிச்சுத்தான் வரும். ஏப்ரல் மே தேர்தலுக்கு இறங்கின காசு ரிப்போர்ட்டா வர்றப்போ ஜெயிச்சவர் பதவியேத்து ஒரு வருஷம் தாண்டியிருக்கும், அதனால கைல இருக்கிற பழைய வருஷ லிஸ்ட்டை இப்பவே எடுத்து வச்சுக்கோங்க, கொடுக்கிற கை பெரும்பாலும் அதே கைதான்.